பொறியியல் சேர்க்கை: அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரியா, நிகர்நிலைப் பல்கலைக்கழகமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வெளியான நாளிலிருந்து கலந்தாய்வு முடியும் வரை, நான் கணிதம் கற்பிக்கும் மேல்நிலைப் பள்ளிக்குப் பெற்றோரும் பழைய மாணவர்களும் வந்து கேட்கும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. பெரும்பாலும் இரண்டு வாய்ப்புகள் அவர்கள் முன் இருக்கும். ஒன்று, தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு வழியாக அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு கல்லூரியில் கிடைக்கக்கூடிய இடம். மற்றொன்று, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் (டீம்டு யுனிவர்சிட்டி) ஒன்றில் ஏற்கெனவே கிடைத்துவிட்ட இடம். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளை எழுதியிருக்கிறேன்.

அண்ணா யுனிவர்சிட்டி என்றாலே நல்லதுதானே சார்? எந்தக் காலேஜாக இருந்தால் என்ன?

அண்ணா பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயருக்குள் தரத்தில் வெகுவாக வேறுபட்ட கல்லூரிகள் இருக்கின்றன. முதலில், பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் சென்னை வளாகங்கள்: 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1949இல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கு. அடுத்து மண்டல வளாகங்களும் உறுப்புக் கல்லூரிகளும். அவற்றுக்கு அப்பால் கோவை ஜி.சி.டி. போன்ற அரசுக் கல்லூரிகள், பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராசர் ஆகிய அரசு உதவி பெறும் கல்லூரிகள், இறுதியாக நூற்றுக்கணக்கான சுயநிதிக் கல்லூரிகள்.

இவை எல்லாவற்றிலும் பட்டச் சான்றிதழை வழங்குவது ஒரே பல்கலைக்கழகம். ஆனால் தேசியத் தரவரிசையில் அண்ணா பல்கலைக்கழகம் பெறும் இடம் அதன் சொந்த வளாகங்களுக்கு உரியது. அதனுடன் இணைந்த அரசு, உதவி பெறும், சுயநிதிக் கல்லூரிகளுக்கு (இணைப்புக் கல்லூரிகள்) அது பொருந்தாது. ஆகவே "அண்ணா பல்கலைக்கழகமா, இன்னொரு பல்கலைக்கழகமா" என்று ஒப்பிடுவதால் பயனில்லை. இந்தக் கல்லூரியின் இந்தத் துறையா, அந்தப் பல்கலைக்கழகத்தின் அதே துறையா என்றுதான் ஒப்பிட வேண்டும். கீழே வரும் விடைகள் எல்லாம் இந்த ஒப்பீட்டைச் செய்வதற்கானவை.

டீம்டு யுனிவர்சிட்டி பட்டம் அரசாங்க வேலைக்குச் செல்லுமா?

செல்லும். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி நிகர்நிலை அறிவிப்புப் பெற்ற நிறுவனம் வழங்கும் பட்டமும், மாநிலப் பல்கலைக்கழகம் வழங்கும் பட்டமும் சட்டத்தின் முன் சமம். அரசுப் பணிக்கோ, முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்வுக்கோ, வெளிநாட்டு மேற்படிப்புக்கோ இதனால் தடை வராது. 2017இல் உச்ச நீதிமன்றம் இந்த நிறுவனங்கள் தங்கள் பெயரில் வெறுமனே "பல்கலைக்கழகம்" என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொன்னபோது பல பெற்றோர் பட்டமே செல்லாமல் போய்விட்டதாக அஞ்சினார்கள். அந்த உத்தரவு பெயரைப் பற்றியது. பட்டத்தின் மதிப்பைக் குறைக்கவில்லை.

சரிபார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் சேரப்போகும் வளாகமும் பாடப்பிரிவும் அங்கீகாரத்துக்குள் வருகின்றனவா என்று மானியக் குழுவின் இணையதளத்தில் பாருங்கள். தலைமை வளாகத்துக்கு இருக்கும் பெயரை வைத்து, அண்மையில் தொடங்கிய வேறொரு வளாகத்தையும் அவ்வாறே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பி.இ. பெரிதா, பி.டெக். பெரிதா?

இரண்டும் ஒன்றுதான். அண்ணா பல்கலைக்கழகத்திலேயே கணினி அறிவியலுக்கு பி.இ. என்றும் தகவல் தொழில்நுட்பத்துக்கு பி.டெக். என்றும் வழங்குகிறார்கள். இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதுவும் டீம்டு மாதிரிதானா?

இல்லை. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, தேர்வையும் தானே நடத்துகிறது. பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கான சேர்க்கையும் கலந்தாய்வு வழியாகவே நடக்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம், தேர்வு, பட்டம், சேர்க்கை நான்கும் அந்த நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரியில் பல்கலைக்கழகத்தின் பொதுப் பாடத்திட்டமும் பொதுத் தேர்வும் உண்டு.

சொந்தப் பாடத்திட்டத்தின் நன்மை, புதியவற்றை விரைவாகச் சேர்க்க முடிவது. அதே கல்லூரி தானே கேள்வித்தாள் எடுத்துத் தானே திருத்துவதால், அங்கு வரும் மதிப்பெண்ணை வெளியில் இருந்து அளவிடுவது கடினம். தன்னாட்சி இல்லாத கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் பருவத் தேர்வுவாரியாக வெளியிட்டு வந்திருக்கிறது. உங்கள் பட்டியலில் அத்தகைய கல்லூரி இருந்தால், ஒரு பருவத்தை மட்டும் பார்க்காமல் மூன்று நான்கு பருவங்களின் விழுக்காட்டை வரிசையாக எடுத்துப் பாருங்கள். பாதிக்கும் மேற்பட்டோர் தொடர்ந்து தோல்வியடையும் கல்லூரியில் நம் பிள்ளை மட்டும் தப்பிவிடுவான் என்று நம்பிச் சேர்ப்பதை நான் ஆதரிப்பதில்லை.

நாக் ஏ++ போட்டிருக்கிறார்கள், ரேங்க்கும் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

மூன்று அளவுகோல்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. நாக் என்பது தேசிய மதிப்பீடு மற்றும் தர அங்கீகாரக் குழு நிறுவனம் முழுமைக்கும் தரும் மதிப்பீடு. 4 புள்ளிகளுக்கு 3.51 அல்லது அதற்கு மேல் பெற்றால் ஏ++. உங்கள் பிரிவு அங்கே எப்படி நடக்கிறது என்பதை அந்த எழுத்து சொல்லாது. என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியம் ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாக ஆய்ந்து அங்கீகரிக்கிறது. ஒரே கல்லூரியில் இயந்திரவியலுக்கு என்.பி.ஏ. இருக்கும், புதிதாகத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு இருக்காது. எனவே, இரண்டு இடங்களை ஒப்பிடும்போது நாக் எழுத்தைவிட உங்கள் பிரிவின் என்.பி.ஏ. நிலைக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். வெளிநாட்டில் பணியாற்ற விரும்புவோருக்கு இன்னொரு காரணமும் உண்டு: பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 முதல் இந்தியா நிரந்தர உறுப்பினர், அதன் பயன் என்.பி.ஏ.வின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்குக் கிடைக்கிறது. அந்த அடுக்கு தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரியது.

ஒன்றிய அரசின் தேசியக் கல்வி நிறுவனத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். 2016 முதல் வெளிவருகிறது. அதில் கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, பட்டம் பெற்றவர்களின் நிலைக்கு 20, பலதரப்பட்டோரைச் சேர்ப்பதற்கு 10, பிறர் கொண்டிருக்கும் மதிப்புக்கு 10 என்று எடை பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளை நிறைய வெளியிடும் நிறுவனம் மேலே ஏறும். முதலாண்டு மாணவருக்கு அந்தக் கட்டுரைகளால் கிடைப்பது குறைவு. இருபது இடங்கள் முன்பின் இருப்பதை வைத்து ஒரு கல்லூரியைத் தள்ளிவிட வேண்டாம். தரவரிசையைவிடப் பயனுள்ள ஒன்று அதே தளத்தில் இருக்கிறது; அதை அடுத்த விடையில் சொல்கிறேன்.

95 விழுக்காடு பிளேஸ்மென்ட், அதிகபட்சச் சம்பளம் 40 லட்சம் என்று விளம்பரம் வருகிறதே?

ஐந்து மாணவர்களுக்கு ஆண்டுச் சம்பளமாக 3, 3, 3.5, 4, 40 லட்சம் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 40 லட்சம். சராசரி 10.7 லட்சம். வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளமோ 3.5 லட்சம். உங்கள் பிள்ளை எங்கே நிற்கக்கூடும் என்பதைக் காட்டுவது இந்த மூன்றாவது எண்தான். அதை இடைநிலைச் சம்பளம் என்பார்கள்.

என்.ஐ.ஆர்.எஃப்.பில் பங்கேற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுத்த தரவைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அந்த ஆவணத்தில், நான்காண்டுப் படிப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்று மூன்று ஆண்டுகளுக்கு இருக்கும். விளம்பரத்தில் விழுக்காடு கணக்கிடும்போது "தகுதி பெற்ற மாணவர்கள்" என்று அரியர் இல்லாதவர்களை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். நீங்கள் இந்த ஆவணத்திலிருந்து, சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இரண்டு நிறுவனங்களுக்கும் இதைச் செய்ய அரை மணி நேரம் போதும்.

ஒரு குறை: இந்தத் தரவு பிரிவுவாரியாக இருக்காது. அதற்கு வேலைவாய்ப்பு அலுவலரிடமே கடந்த ஆண்டில் உங்கள் பிரிவில் எத்தனை பேர், எந்த நிறுவனங்களுக்குத் தேர்வானார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். தரத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

டீம்டில் செலவு அதிகம், ஆனால் எஜுகேஷன் லோன் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

முதலில் நான்கு ஆண்டுகளுக்கான முழுச் செலவை இரு பக்கமும் எழுதுங்கள்: கல்விக் கட்டணம், விடுதி, உணவு, டெபாசிட், பேருந்து, தேர்வுக் கட்டணம், மடிக்கணினி, ஊருக்கு வந்துபோகும் செலவு. கட்டணம் ஆண்டுதோறும் உயருமா என்று எழுத்தில் கேளுங்கள். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் மாணவரின் நுழைவுத் தேர்வுத் தரவரிசையைப் பொறுத்துக் கட்டணம் மாறும்; வி.ஐ.டி.யில் அவ்வாறு ஐந்து கட்டணப் பிரிவுகள் உள்ளன. பக்கத்து வீட்டு மாணவர் கட்டிய தொகை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 8 லட்சம் என்றும், அதை 10 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுகளில் அடைக்கும் கடனாக வாங்குவதாகவும் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 10,570 ரூபாய். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி இதற்கு மேல். மேலே சொன்ன இடைநிலைச் சம்பளத்தை மாதக் கணக்காக்கி, அதில் இந்தத் தவணை எவ்வளவு பங்கு என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கை எட்டினால், 22 வயதில் வேலையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை அந்தக் கடன் பறித்துவிடும். மேற்படிப்பு என்ற எண்ணமே எழாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள்.

கடன் வாங்குவதே என்று முடிவானால், வங்கிகளின் வழக்கமான திட்டத்தில் 4 லட்சம் வரை பிணை தேவையில்லை, 7.5 லட்சத்துக்கு மேல் சொத்துப் பிணை கேட்பார்கள். 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களில் தகுதி வழியாகச் சேர்வோருக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 3 விழுக்காடு வட்டிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். நீங்கள் ஒப்பிடும் இரண்டு நிறுவனங்களில் எது அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் இவன்தான் முதல் பட்டதாரி. அரசுப் பள்ளியில்தான் படித்தான். அது எங்கே போனாலும் உதவுமா?

உதவாது. இந்த ஒரு செய்தி தெரியாமல் சலுகையை இழந்த குடும்பங்களை நினைத்தால் மனம் கனக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்கு மட்டுமே. அதே கல்லூரியிலேயே, நிர்வாகம் தானே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால்கூடக் கிடைக்காது.

6ஆம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2021இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பொறியியல் இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. மாநிலத்தின் 69 விழுக்காடு இட ஒதுக்கீடும் கலந்தாய்வுக்கே உரியது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் சொந்தச் சேர்க்கைக்கு அது பொருந்துவதில்லை. எனவே உங்கள் மகனுக்கு முந்தைய விடையில் சொன்ன செலவுக் கணக்கே முற்றிலும் மாறிவிடும். வேறு எந்த முடிவையும் எடுப்பதற்கு முன் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்து, சான்றிதழ்களைப் பதிவேற்றிவிடுங்கள்.

பெரிய இடத்தில் பிடிக்காத பிரிவு, சிறிய காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ். எது சார்?

நான் முதலில் மாணவரிடம், பெற்றோர் பக்கத்தில் இல்லாதபோது, அந்தப் பிரிவில் என்ன படிப்பார்கள் என்று கேட்பேன். நான்கு வாக்கியம் சொல்ல முடிந்தால் அந்த விருப்பம் உண்மையானது. அப்போது பிரிவுக்கே முதலிடம் தர வேண்டும். "எல்லாரும் எடுக்கிறார்கள்" என்பது மட்டுமே விடை என்றால், நல்ல ஆசிரியர்களும் நல்ல சக மாணவர்களும் இருக்கும் இடத்துக்கே முதலிடம் தருவேன். கிண்டியிலோ ஜி.சி.டி.யிலோ சிவில் படிக்கும் மாணவர், பெயருக்கு ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியில் கணினி அறிவியல் படிப்பவரைவிட நல்ல நிலைக்கு வருவதை அடிக்கடி காண்கிறேன். மென்பொருள் நிறுவனங்கள் பல, எல்லாப் பிரிவினரையும் தேர்வுக்கு அழைக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையின் கீழ் சேர்ந்தவர்களுக்கு, கூடுதலாக 18 கிரெடிட் (பாட அலகுகள்) படித்து வேறொரு துறையில் மைனர் எனப்படும் துணைப் பட்டமும் பெற வழி உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024-25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) பிரிவுகளின் இட எண்ணிக்கைக்கு இருந்த உச்ச வரம்பைத் தளர்த்தியதால், பல நிறுவனங்களில் கணினிப் பிரிவுகள் வேகமாகப் பெருகின. 20 மாணவருக்கு 1 ஆசிரியர் என்பது விதி. இடங்கள் கூடிய அளவுக்கு ஆசிரியர்கள் கூடினார்களா என்று கேட்பது, சிறிய கல்லூரிக்கும் பெரிய பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும் கேள்வி.

நேரில் போய்ப் பார்த்தால் என்ன தெரிந்துவிடப் போகிறது? எல்லா இடமும் கட்டடம்தானே?

சேர்க்கை நாளில் போனால் கட்டடமும் வரவேற்பும்தான் தெரியும். வகுப்பு நடக்கும் ஒரு சாதாரண நாளில் போங்கள். துறைக்குப் போய், இணையதளத்தில் இருக்கும் ஆசிரியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பெயர்களைச் சொல்லி, பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இது மிகையான ஐயம் அல்ல. 2024இல், ஒரே ஆசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியல்களில் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. ஆய்வகத்தில் கருவிகள் மேல் உறை போர்த்தியிருக்கிறதா, மாணவர் கை பட்டு எண்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று கேளுங்கள்.

பிறகு வாசலுக்கு வெளியே உள்ள தேநீர்க் கடையில், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவரிடம் பேசுங்கள். "திரும்பவும் வாய்ப்புக் கிடைத்தால் இங்கேயே சேர்வீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும். இறுதியாண்டு மாணவரைவிட மூன்றாம் ஆண்டு மாணவர் மனம் திறந்து பேசுவார் என்பது என் அனுபவம்.

டீம்டில் முன்பணம் கட்டிவிட்டோம். இப்போது கவுன்சிலிங்கில் நல்ல இடம் வந்தால் பணம் போனதுதானா?

இந்த நெருக்கடிக்குக் காரணம் கால வேறுபாடு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ முடிவுக்கு முன்பே இடம் தந்து, சில நாட்களுக்குள் பணம் கட்டச் சொல்கின்றன. கலந்தாய்வோ ஜூலைக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். கட்டிய பணத்தை நினைத்தே, கிடைத்த நல்ல அரசுக் கல்லூரி இடத்தை வேண்டாம் என்று சொன்ன குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு ஆண்டுதோறும் இதற்குத் தேதி அறிவித்து வந்திருக்கிறது. 2024-25 கல்வியாண்டில், செப்டம்பர் 30க்குள் விலகியவருக்கு முழுக் கட்டணமும், அக்டோபர் 31க்குள் விலகியவருக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியும் திருப்பித் தர வேண்டும் என்று கூறியது. நீங்கள் சேரும் ஆண்டுக்கான அறிவிப்பைப் பார்த்து, அந்தத் தேதிக்குள் விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவு அஞ்சலிலும் அனுப்புங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தந்துவிட வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் மானியக் குழுவின் விதி. தர மறுத்தால் அதன் இ-சமாதான் தளத்தில் புகார் அளிக்கலாம். பணம் கட்டிய ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்தின் பெயரில் இல்லாத ரசீதை வாங்காதீர்கள்.

கவுன்சிலிங்கில் வந்த இடம் சுமார்தான். அடுத்ததற்குக் காத்திருந்தால் இதுவும் போய்விடுமா?

போகாது, சரியான விருப்பத்தைச் சொடுக்கினால். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு மேல் விருப்பத்துக்கு மட்டும் காத்திருப்பது, அடுத்த சுற்றுக்குப் போவது, விலகுவது என்று வாய்ப்புகள் காட்டப்படும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் கையில் உள்ள இடம் காக்கப்படும். மேலான இடம் கிடைத்தால் மட்டுமே மாறும். ஆனால் அவ்வாறு மாறிவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. ஆகவே விருப்பப் பட்டியலை, கட்-ஆஃபைப் பார்த்து அல்லாமல் உண்மையான விருப்ப வரிசையிலேயே நிரப்புங்கள். மேலே வைத்த ஒன்று கிடைத்தபின் "இது வேண்டாமே" என்று சொல்ல நேர்ந்தால் பிழை பட்டியலில் இருக்கிறது.

நன்கொடை கொடுத்தால் பெரிய காலேஜிலேயே இடம் வாங்கலாம் என்கிறாரே ஒருவர்?

தமிழ்நாட்டில் நன்கொடை வசூலிப்பது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீது இல்லாத பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. இடைத்தரகர் யாராக இருந்தாலும், உறவினராகவே இருந்தாலும், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மகளை அவ்வளவு தூரம் விடுதியில் விட மனமில்லை. பக்கத்திலேயே ஒரு காலேஜ் இருக்கிறதே?

இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அதே வீட்டில் மகனுக்கு மதிப்பெண் வந்திருந்தால் இதே கேள்வி எழுந்திருக்குமா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள் என்று தாயையும் தந்தையையும் நான் கேட்டுக்கொள்வதுண்டு. 200க்கு 190க்கு மேல் கட்-ஆஃப் பெற்ற மாணவி தூரத்துக்காக மட்டும் பலவீனமான கல்லூரியில் சேர்வது பெரிய இழப்பு. விடுதியை நேரில் பாருங்கள், காப்பாளரிடம் பேசுங்கள், இரவில் உடல்நலம் கெட்டால் யார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்கள் என்று கேளுங்கள், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விடை நிறைவாக இருந்தால் அனுப்புங்கள். நாள்தோறும் நான்கு மணி நேரம் பேருந்தில் போய்வருவது பாதுகாப்பும் அன்று, படிப்புக்கு நேரமும் விடாது.

இப்போது கிடைத்ததில் சேர்ந்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாமா?

அதை நம்பிச் சேர வேண்டாம். ஒரே நிறுவனத்துக்குள் பிரிவு மாறுவதே, காலியிடம் இருந்து, முதலாண்டு மதிப்பெண்ணும் மிக உயர்ந்திருந்தால்தான் நடக்கும். 2021இல் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் தேசிய வங்கி தொடங்கப்பட்டிருந்தாலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிக்கு இரண்டாம் ஆண்டில் நேரடியாக மாறிய மாணவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. விலகி, மறு ஆண்டு கலந்தாய்வில் புதிதாக முதலாண்டில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இருவரிடம் பேசியபோது, ஓராண்டு போனதைப் பற்றி வருத்தமில்லை என்றே சொன்னார்கள். ஆனால் தற்காலிக ஒதுக்கீட்டுக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி இரண்டு கல்லூரிகளையும் போய்ப் பார்த்திருந்தால், அந்த ஆண்டையும் கட்டணத்தையும் மிச்சப்படுத்தியிருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.